எத்தனை தலைமுறைக்கு அகதி?

“நீங்க ஊராக்களா, அகதி ஆக்களா?”

புத்தளம் கரையில் வளரும் பிள்ளைகளில் இந்தக் கேள்வி காதில் விழாத ஒரு பிள்ளையும் இருக்காது. புது வகுப்பில் பக்கத்து மேசையில் இருப்பவள் கேட்பாள். கல்யாண வீட்டில் அடுத்த கதிரையில் இருக்கும் மாமி கேட்பார். கேட்பவர் மனதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் கேள்விக்குள் ஒரு பிரிவினை ஒளிந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் ஊருக்கு உரியவர்கள். மறு பக்கத்தில், வந்து 35 வருடங்களாகியும் இன்னும் வந்துகொண்டே இருப்பவர்கள்.

என்னிடம் கேட்டால் எனக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. என் வாப்பா கற்பிட்டிப் பக்கத்தவர். என் உம்மா எட்டு வயதில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் வந்தவர். எங்கள் வகுப்பிலேயே இப்படி இரண்டு பக்கமும் உறவுள்ள பிள்ளைகள் பலர் இருக்கிறோம். அதனால்தான் இந்த விடயத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்தேன். வந்த கதையை நாம் மறக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கதையை, வரிசையில் நிற்பவர்களை இரண்டாகப் பிரிக்கும் பெயராகப் பாவிப்பதை எங்கள் தலைமுறையோடு நிறுத்தவேண்டும். இதுதான் என் கருத்து.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இளைய வகுப்புத் தங்கைகளில் பலருக்கு அது முழுமையாகத் தெரியாது. 1990 ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் தங்கள் வீடுகளை விட்டுப் புறப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம்தான் கொடுக்கப்பட்டது. நகையும் பணமும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவில் இருந்தவர்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் நடந்தும் லொறிகளில் ஏறியும் தெற்கு நோக்கி வந்தார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் முகாம்கள் எழுந்தன.

இடம்பெயர்ந்து ஒரு புதிய இடத்தில் வாழ்வது எப்படி இருக்கும் என்று நாங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நகரத்து மனிதர்கள். சோனகத் தெருவில் கல் வீடும், கடைத்தெருவில் தொழிலும் இருந்தவர்கள். அவர்கள் தென்னந்தோட்டத்து மணலில் கிடுகுக் கொட்டிலில் வாழப் பழகினார்கள். முசலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் வயல் செய்தவர்கள். இங்கே அவர்களுக்கு வயல் இல்லை. ஊரில் சொந்த நெல்லை அவித்துக் குத்திய பெண்கள் இங்கே பிறர் தோட்டத்தில் வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் நாட்கூலிக்குப் போனார்கள். வெளியில் வேலைக்குப் போயே பழக்கமில்லாத எத்தனையோ தாய்மார் அப்படிப் போய்த்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள்.

வந்தவர்கள் தங்களோடு கொண்டுவர முடிந்தது ஊர்ப் பெயரை மட்டும்தான். அதையும் அவர்கள் வீணாக்கவில்லை. நாகவில்லுக்குப் போனால் எருக்கலம்பிட்டி என்ற பெயரை இன்றும் கேட்கலாம். தில்லையடியில் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்கலாம்.

அடுத்ததாக, வரவேற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் ‘அகதி’ என்ற சொல்லை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்த ஒக்டோபரில் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீடுகளில் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தோட்டக் காணிகளில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். அரசாங்கமோ வெளிநாட்டு நிறுவனங்களோ வந்து சேருவதற்கு முன்னரே இந்த மக்கள் வந்து நின்றார்கள். அவர்களும் செல்வந்தர்கள் இல்லை. மீன்பிடித்தும், உப்பளத்தில் கூலி வேலை செய்தும், சிறு தோட்டம் செய்தும் வாழ்ந்தவர்கள்தான்.

ஆனால் ஓரிரு மாதம் என்று நினைத்தது வருடங்களாகியது. கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலுக்குக் கீழே இருக்கும் நல்ல தண்ணீர் மெல்லிய படலம்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புத் தண்ணீர் மேலே வரும். அந்தக் கிணறுகளில் குடங்கள் பல மடங்காகின. வகுப்பறைகளும் ஆஸ்பத்திரி வரிசைகளும் நிரம்பி வழிந்தன. கூலிக்கு ஆள் கூடியதால் கூலி குறைந்தது. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு நிவாரண அரிசி வந்தபோது, அதே அளவு ஏழையான பக்கத்து வீட்டு உள்ளூர்க் குடும்பம் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் குடும்பத்தின் மனதில் எழுந்த கசப்பைப் பொறாமை என்று தள்ளிவிடக்கூடாது. பங்கிட்டவர்கள்தான் தேவையைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துப் பங்கிட்டார்கள். ஊராக்கள், அகதி ஆக்கள் என்ற கோடு அழுத்தமாக விழுந்தது இப்படியான வரிசைகளில்தான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் எங்கள் மார்க்க வரலாறு எங்களுக்குப் பெரிய பாடம் தருகிறது. ஹிஜ்ரத்தைப் பற்றிப் பேசும்போது நாங்கள் பெரும்பாலும் பயணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். போய்ச் சேர்ந்த நகரத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். ஸஃது பின் ரபீஉ (ரழி) அவர்கள் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பிறகு பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று முன்னேறினார்கள். கொடுப்பவரின் பெருந்தன்மையும், உழைத்து நிற்கவேண்டும் என்ற வந்தவரின் ரோஷமும் இந்த ஒரே சம்பவத்தில் இருக்கின்றன.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்னொரு கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பனூ முஸ்தலிக் பயணத்தின்போது ஒரு தண்ணீர்த் துறையில் முஹாஜிர் ஒருவருக்கும் அன்சாரி ஒருவருக்கும் சண்டை மூண்டது. ஒருவர் முஹாஜிர்களே என்று தன் கூட்டத்தை அழைத்தார். மற்றவர் அன்சாரிகளே என்று தன் கூட்டத்தை அழைத்தார். நபி (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு, ஜாஹிலிய்யாக் காலத்து அழைப்பு என்றும், துர்நாற்றம் வீசுவது என்றும் கண்டித்து, அதை விட்டுவிடச் சொன்னார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முஹாஜிர், அன்சார் என்பவை இழிவான பெயர்கள் அல்ல. அல்குர்ஆன் புகழ்ந்து சொன்ன பெயர்கள். தன் வரலாற்றைச் சொல்ல அந்தப் பெயரைப் பாவித்தால் அது கண்ணியம். ஆனால் தண்ணீர் வரிசையில் ஆள் சேர்க்க அதே பெயரைக் கூவியபோது அது நாற்றமாகிவிட்டது. அப்படியானால் ‘அகதி’ என்ற சொல்லைப் பற்றி என்ன சொல்வது? தண்ணீர்ப் பவுசருக்கு முன்னால் கலன்களோடு நிற்கும்போது “முதல்ல ஊராக்களுக்கு” என்று ஒரு குரல் கேட்கும். இன்னொரு கூட்டத்தில் “இவங்க எப்பவும் எங்கள இப்படித்தான்” என்று மறுகுரல் கேட்கும். இரண்டுமே அந்தத் தண்ணீர்த் துறையில் கேட்ட குரல்கள்தான்.

சரி, உண்மையில் யார் இந்த ஊரார்? 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா ‘பத்தாலா’ என்று குறிப்பிட்ட ஊர் புத்தளம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கடல் வணிகம் எங்கள் முன்னோரை இங்கே கொண்டுவந்தது. ஒல்லாந்தர் வந்து கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள். ஐரோப்பியர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய ‘மஞ்சா’ இசையை நாடே அறியும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் இந்தக் கரைக்கு வந்து வாடி போட்டார்கள். சிலர் நிரந்தரமாகத் தங்கினார்கள். இப்படிப் பார்த்தால் இந்தக் கரையில் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் வந்திறங்கியவர்கள்தான். சிலர் முந்தி வந்தார்கள், சிலர் பிந்தி வந்தார்கள்.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிராமத்தில் “நீ யாருட மகள்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது. ஆனால் பதில் தெரியாதவருக்கு அங்கே இடமில்லை. நகரத்தில் “உனக்கு என்ன செய்யத் தெரியும்?” என்று கேட்பார்கள். தையல் தெரிந்தவருக்கும் கணக்குத் தெரிந்தவருக்கும் அங்கே ஒரு கதவு திறக்கும். புத்தளம் இன்று நகரமாக வளர்ந்திருக்கிறது. கடைத்தெருவில் யாழ்ப்பாணத்தார் கடையும் உள்ளூரார் கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பாடசாலைகளில் ஆசிரியர்கள் கலந்து கற்பிக்கிறார்கள். ஊர் நகரமாகிவிட்டது. எங்கள் கேள்விதான் இன்னும் பழைய கேள்வியாக இருக்கிறது.

இனி, உயர்தர மாணவிகளாகிய எங்களைத் தொடும் விடயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போகும் இடங்களை “வந்தாக்களின் பிள்ளைகள் எடுத்துக்கொள்றாங்க” என்ற பேச்சு சில வீடுகளில் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். அகில இலங்கைத் திறமை அடிப்படையில் மட்டும் தெரிவு நடக்கும் கலைத்துறை போன்றவை தவிர, ஏனைய பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடு முழுவதற்குமான திறமைப்படி நிரப்பப்படுகின்றன. 55 வரை 25 மாவட்டங்களுக்கும் அவற்றின் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படுகின்றன. மீதி 5 கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு உரியவை. புத்தளமும் அந்தப் பதினாறில் ஒன்று. இங்கே கவனிக்கவேண்டிய சொல் சனத்தொகை. மாவட்டத்தில் வாழ்பவர்களின் தொகை கூடினால் மாவட்டத்துக்குரிய பங்கும் கூடும். வந்தவர்கள் போட்டியை மட்டும் கொண்டுவரவில்லை, இடங்களையும் கொண்டுவந்தார்கள். அதோடு புத்தளம் மாவட்டம் என்பது சிலாபம், வென்னப்புவ வரை நீண்டது. வசதி கூடிய பாடசாலைகளோடும்தான் நாங்கள் போட்டியிடுகிறோம். விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையைப் பற்றிக் கேள்வி கேட்காமல், பக்கத்து மேசைப் பிள்ளையின் ஊரைக் கேட்பதால் எங்கள் இசட் புள்ளி ஒரு தசமமும் கூடாது.

“அப்படியென்றால் அவர்கள் ஏன் இன்னும் மன்னாரைப் பற்றியே பேசுகிறார்கள்? வாக்கும் அங்கேதானே போடுகிறார்கள்?” என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. பலர் திரும்பிப் போனார்கள். இருபது வருடம் ஆளில்லாத காணிகளில் காடு வளர்ந்திருந்தது. முசலிப் பகுதியில் சில நிலங்கள் 2012இல் வன ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டிருந்தன. அன்று புறப்பட்ட ஒரு குடும்பம் இன்று மூன்று குடும்பமாகிவிட்டது, காணியோ அதே அளவுதான். சிலர் அங்கே ஒரு காலும் இங்கே ஒரு காலுமாக இருக்கிறார்கள். அங்கே பதிவை விட்டால் காணி உரிமை போய்விடும் என்ற பயமும் அவர்களுக்கு இருக்கிறது. 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று, வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போன பஸ்களின் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறகும் அவர்கள் போய் வாக்களித்தார்கள். அந்தப் பயணத்தைப் புத்தளத்துக்குச் செய்யும் துரோகமாகப் பார்க்கலாமா? பறிக்கப்பட்ட ஒன்றை முற்றாகக் கைவிடாமல் இருக்க எடுக்கும் முயற்சியாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

ஒரு மனிதருக்கு இரண்டு ஊர் இருக்கலாம். மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் இனிப் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுவார்களோ என்று அன்சாரிகள் கவலைப்பட்டார்கள். தன் வாழ்வும் மரணமும் அவர்களோடுதான் என்று நபியவர்கள் உறுதி கூறி மதீனாவுக்குத் திரும்பினார்கள். மக்காவின் மீதிருந்த அன்பு அதனால் குறையவில்லை. முன்பு மதீனாவுக்கு வந்த புதிதில், மக்காவை நேசிப்பது போல அல்லது அதைவிட அதிகமாக மதீனாவையும் நேசிக்கச் செய்யுமாறு அவர்கள் அல்லாஹ்விடம் கேட்டிருந்தார்கள். பழைய ஊரை மறக்கவைக்கும்படி கேட்கவில்லை. புதிய ஊரின் மீதும் அன்பைத் தரும்படிதான் கேட்டார்கள். என் உம்மாவைப் பார்க்கும்போதும் எனக்கு இது விளங்குகிறது. மன்னார்க் கடலைப் பற்றிப் பேசினால் அவர் குரல் மாறும். ஆனால் இங்கே பக்கத்து வீட்டில் மையித்து என்றால் முதலில் ஓடுவதும் அவர்தான்.

இதே பாரம் நாளை எங்கள் தோளிலும் ஏறப்போகிறது. பரீட்சை முடிந்து பெறுபேறு வந்ததும் எங்களில் சிலர் பேராதனைக்கும் கொழும்புக்கும் ஒலுவிலுக்கும் போவோம். சிலர் வேலைக்காகவும் சிலர் கல்யாணம் முடித்தும் போவார்கள். அங்கே நாங்கள்தான் வந்தாக்கள். போடிங் தேடிப் போகும்போது எங்கள் அபாயாவைப் பார்த்து, இருக்கும் அறையை இல்லை என்பவர்களும் இருப்பார்கள். 2019க்குப் பிறகு எங்கள் ராத்தாமார் பலர் அதை அனுபவித்திருக்கிறார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்களும் இருப்பார்கள். அப்போது நாங்கள் எதை எதிர்பார்ப்போம்? எந்த ஊர் என்று கேட்டாலும் பரவாயில்லை, அந்தப் பதிலை வைத்து எங்களை அளக்காமல் இருந்தால் போதும் என்றுதானே? அந்த நகரங்களில் எங்களுக்குக் கிடைக்கவேண்டும் என்று நாங்கள் விரும்புவதை, இந்த நகரத்தில் மற்றவருக்குக் கொடுத்திருக்கிறோமா என்று போவதற்கு முன்னர் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அதனால் இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பெற்றோரிடமும் தோழிகளிடமும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

பெற்றோர்களே, கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் மார்க்கப்பற்றையும் குணத்தையும் தொழிலையும் விசாரியுங்கள். “அகதிக் குடும்பமா?” என்பதை விசாரணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே பிறந்த பிள்ளை அகதியாக முடியாது. அதே போல, வடக்கிலிருந்து வந்த பெற்றோரும் “இந்த ஊராக்கள் இப்படித்தான்” என்று பிள்ளைகளுக்கு முன்னால் பேசுவதை நிறுத்தவேண்டும். அந்த ஒக்டோபரில் முதல் பார்சல் சோறு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

பள்ளிவாசல், சங்கம் நடத்தும் பெரியவர்களே, ஸகாத்தோ, புலமைப்பரிசிலோ, தண்ணீரோ எதைப் பங்கிட்டாலும் பட்டியலைத் தேவையின்படி எழுதுங்கள். ஊர்ப்படி இரண்டு பட்டியல் எழுதினால் அடுத்த 35 வருடமும் இரண்டு கூட்டமாகத்தான் இருப்போம்.

தோழிகளே, உங்கள் வீட்டில் 1990ஐப் பார்த்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். வள்ளத்தில் வந்த உம்மம்மாவின் கதையும் வேண்டும். கரையில் நின்று பிள்ளைகளைத் தூக்கி இறக்கிய மூத்தவாப்பாவின் கதையும் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது பாதிக் கதைதான். அடுத்த வருட இதழில் இரண்டையும் ஒரே பக்கத்தில் போடலாம்.

எந்த ஊர் என்று கேட்பதை நான் தடுக்கவில்லை. ஆசையோடு கேளுங்கள். சொல்வதற்கு எங்களிடம் இரண்டு ஊர்களின் கதை இருக்கிறது. பதிலைக் கேட்டதும் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தால் போதும்.